2 ஜேசிபி, 3 டிப்பர், 1 ஜென்செட்: சர்வீஸ் அட்டவணை போட்டும் வண்டி நிற்கிறது, எங்கே தப்பு?

மண்வண்டி (சங்ககிரி பக்கம்) | மே 19

வணக்கம். அப்பா ஒரே ஒரு டிராக்டரில் ஆரம்பித்த தொழில். இப்போது ஜேசிபி இரண்டு (எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஊரில் அதற்கு ஜேசிபி என்றுதானே பெயர்), டிப்பர் மூன்று, 62.5 கே.வி.ஏ. ஜென்செட் ஒன்று. வேலைக்குக் குறைவில்லை. வேலை இருக்கிற நாளில் வண்டி இருப்பதில்லை, அதுதான் தலைவலி.

போன மாதம் ஒரு கிணற்று வேலையில் பெரிய ஜேசிபியின் பக்கெட் பின்னு ஒடிந்தது. கழற்றிப் பார்த்தால் புஷ் (பின்னைச் சுற்றி இருக்கிற உலோக வளையம்) முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது. துளையையே வெல்டிங் வைத்து போரிங் போட வேண்டியதாகிவிட்டது. 6 நாள் வண்டி படுத்துவிட்டது. பார்ட்டி வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார். கொட்டகையில் கிரீஸ் வாளியைத் திறந்து பார்த்தேன், பொங்கலுக்கு வாங்கியது, கால்வாசிகூடக் குறையவில்லை. அடுத்த வாரமே கான்கிரீட் போடுகிற இடத்தில் ஜென்செட் ஸ்டார்ட் ஆகவில்லை.

சும்மா இருக்கவில்லை. ஜனவரியிலேயே உட்கார்ந்து எக்செலில் 64 வரிசையில் அட்டவணை போட்டேன். எந்த வண்டிக்கு எப்போது ஆயில், எப்போது ஃபில்டர் என்று வண்ணமெல்லாம் கொடுத்து. பிரிண்ட் எடுத்துக் கொட்டகையில் ஒட்டினேன். யாரும் பார்க்கவில்லை. பிப்ரவரிக்கு அப்புறம் நானும் பார்க்கவில்லை.

அட்டவணையே தப்பா, இல்லை ஆளுங்க தப்பா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஃபிட்டர் (நாமக்கல்) | மே 19

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். டிப்பருக்கு ஆயில் எதை வைத்து மாற்றுகிறீர்கள்? கிலோமீட்டரா?

மண்வண்டி | மே 20

கிலோமீட்டர்தான் அண்ணே. 20,000-க்கு ஒரு முறை என்று போட்டிருக்கிறேன். லைன் வண்டி (தூரத்து ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரி) ஓட்டுகிற மாமா ஒருவர் சொன்னது.

பழைய_ஃபிட்டர் | மே 20

நினைத்தேன். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். லைன் லாரி மணிக்குச் சராசரி 40 கி.மீ. ஓடுகிறது என்று வையுங்கள். 20,000 கி.மீ. என்பது 500 மணி நேர எஞ்சின் ஓட்டம். உங்கள் டிப்பர் என்ன செய்யும்? குவாரியில் லோடுக்கு நிற்கும், எடை மேடையில் நிற்கும், இறக்குகிற இடத்தில் நிற்கும், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நாளைக்கு 60 கி.மீ., 9 மணி நேரம் என்றால் 20,000 கி.மீ. வர 333 நாள் ஆகும். அதற்குள் எஞ்சின் 3,000 மணி ஓடியிருக்கும். மாமாவின் வண்டியைப் போல ஆறு மடங்கு. அந்த ஆயிலில் என்ன மிச்சம் இருக்கும், ரோட்டுக்குப் போடுகிற தார்தானே?

அதனால் குவாரி, மண் வேலை வண்டிக்கெல்லாம் மணிக்கணக்குதான். ஜேசிபி கையேட்டைப் பிரித்துப் பாருங்கள், 10, 50, 250, 500, 1000, 2000 மணி என்று ஏணி மாதிரிப் போட்டிருப்பார்கள். 10 என்பது தினசரி. 250-ல் அல்லது 500-ல் எஞ்சின் ஆயில் வரும், வண்டிக்கு வண்டி மாறும். ஹைட்ராலிக் ஆயில் மாற்றுவது பெரும்பாலும் 2000 பக்கம். உங்கள் 64 வரிசையை இந்த ஆறு படிக்குள் அடக்கிவிடலாம். ஆளுக்கு மனப்பாடமாகிற அளவுக்கு இருந்தால்தான் அது அட்டவணை, இல்லையென்றால் கொட்டகைச் சுவருக்குப் போட்ட வால்பேப்பர்.

இன்னொன்று. டிப்பர் பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி) ஆக இருந்தால் சைலன்சர் பக்கம் இருக்கிற புகைக்கரி வடிகட்டியைத் தானாகச் சுத்தம் செய்துகொள்ளச் சொல்லி டேஷ்போர்டில் விளக்கு வரும். ஊர்ந்து ஊர்ந்து ஓடுகிற வண்டியில் அந்த இடம் போதுமான சூடே ஆகாது, அதனால் அடிக்கடி கேட்கும். டிரைவர் அவசரத்தில் அதை அமுக்கி நிறுத்திவிட்டுப் போவார். நாலு தடவை அப்படிச் செய்தால் வண்டி இழுக்காது. ஆயிலும் அதற்கென்று சாம்பல் குறைவாக இருக்கிற சி.கே.-4 ரகம் ஊற்ற வேண்டும். பழைய டிரம்மில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள்.

மண்வண்டி | மே 20

அண்ணே, மணிக்கணக்கு என்றால் சின்ன ஜேசிபியில் ஹவர் மீட்டரே இரண்டு வருடமாக ஓடவில்லை. டிப்பரிலும் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

டீசல்கணக்கு (பெருந்துறை) | மே 21

மீட்டர் ஓடாவிட்டால் என்ன, பங்க் பில் பொய் சொல்லாது. எங்கள் கிரஷரில் இப்படித்தான். மீட்டர் ஓடுகிற வண்டியை வைத்து மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். ஜேசிபி மண் வேலையில் 5 முதல் 6 லிட்டர் வரும். 5.5 என்று வைத்தால் 250 மணி என்பது 1,375 லிட்டர். டீசல் நோட்டில் அந்த எண் வந்ததும் ஒரு சிவப்புக் கோடு. முடிந்தது.

இதில் ஒரு லாபம் உண்டு. பாறையில் கஷ்டப்பட்ட வண்டி மணிக்கு 7 லிட்டர் குடிக்கும், சிவப்புக் கோடும் சீக்கிரம் வரும். மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. (டீசல் திருட்டு இருந்தால் கணக்கு கெடும். ஆனால் அப்போது உங்கள் பிரச்சினை சர்வீஸ் இல்லை.)

ஹைவே_ராஜா | மே 21

எதுக்குங்க இத்தனை பாடு? மொத்தத்தையும் கம்பெனி சர்வீஸுக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழைய_ஃபிட்டர் | மே 21

வாரன்டி இருக்கிற வரைக்கும் சரி, அதை விடவே கூடாது. ஆனால் ஒப்பந்தக்காரர் 250 மணிக்கு ஒரு தடவை வருவார். நடுவில் 25 நாளும் காலையில் கிரீஸ் அடிக்க அவர் வருவாரா? இவருக்குப் போனது பின்னும் புஷ்ஷும். அது எந்த ஒப்பந்தத்திலும் வராது.

மில்_இன்ஜினியர் (கோவை) | மே 22

நூற்பாலையில் 22 வருடம் பராமரிப்பு பார்த்தவன். கொஞ்சம் எதிர்த்திசையில் பேசுகிறேன், கோபிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் நாள் குறித்துக் கழற்றி மாட்டுவது நல்லது என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் லிபரேட்டர் விமானங்களை 50 மணி நேரப் பறப்புக்கு ஒரு முறை பிரித்துச் சோதிப்பார்கள். வாடிங்டன் என்ற உயிரியலாளர் அந்தப் பழுதுக் கணக்கைப் பார்த்தார். சோதனை முடிந்து வந்த உடனேதான் எதிர்பாராத பழுதுகள் அதிகம், போகப் போகக் குறைகிறது! நன்றாக ஓடியதைக் கிளறி விட்டிருக்கிறார்கள். இடைவெளியை நீட்டியதும் பறக்கிற நேரம் கூடியது.

பிறகு 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். விமான உதிரிகளில் சுமார் 11 சதவீதத்துக்குத்தான் வயது ஆக ஆகப் பழுது கூடுகிற குணம். மீதி 89 சதவீதத்துக்கு 'இத்தனை மணிக்கு மாற்று' என்று நாள் குறிப்பதால் பெரிய பயனில்லை. 68 சதவீதம் புதிதாகப் போட்ட ஆரம்பத்திலேயே அதிகமாகக் கெட்டு, அதைத் தாண்டிவிட்டால் நின்று ஓடுகிறது.

அதனால் மூன்று கூறாகப் பிரிப்பேன். நிச்சயம் தேய்கிறவை, அழுக்காகிறவை (ஆயில், ஃபில்டர், பிரேக் லைனர், பின்னு, பெல்ட்): கணக்கு வைத்துச் செய். முன்கூட்டி அறிகுறி காட்டுபவை (ஹோஸ் பைப், பேரிங், கிளட்ச்): கழற்றாதே, பார்த்துக்கொண்டிரு. மூன்றாவது, எப்போது போகும் என்றே சொல்ல முடியாத ரிலே, சென்சார், பல்பு: ஸ்பேர் வாங்கி வை.

பழைய_ஃபிட்டர் | மே 22

சார், படிக்க நன்றாக இருந்தது. ஆனால் விமானம் மேகத்தில் பறக்கிறது, எங்கள் வண்டி குவாரிப் புழுதியில் கிடக்கிறது. 11 சதவீதம் என்பது இங்கே செல்லாது. இங்கே வண்டி கெடுவதே தேய்மானத்தால்தான்.

கிளறக் கூடாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு என்னிடம் உள்ளூர் உதாரணமே இருக்கிறது: ஏர் ஃபில்டர்.

காலையில் கிளீனர் பையன் ஃபில்டரைக் கழற்றி டயரில் நாலு அடி அடிப்பான். மேல் தூசி கொட்டும், வாய் மடங்கும், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அடுத்து காற்று பைப்பை வெளியிலிருந்து உள்ளே பிடிப்பான். அந்தத் தூசியெல்லாம் காகிதத்துக்குள் ஏறும். உள்ளேயிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில்தான் ஊத வேண்டும். உள்ளே இன்னொரு சின்ன ஃபில்டர் இருக்கும், அதை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். என் பட்டறைக்கு வண்டி வந்தால் முதல் வேலை, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சினுக்குப் போகிற குழாயின் உட்புறம் விரலை விட்டுத் தடவுவேன். விரல் சுத்தமாக வந்தால் டீ சொல்வேன். மாவு மாதிரி ஒட்டினால் ஓனரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பேன். பிஸ்டன் ரிங்கை அந்தப் புழுதி அரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

புதிய வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் காட்டுகிற விளக்கு உண்டு. அது எரிந்தால் மட்டும் தொடுங்கள். தினமும் கழற்றுவது சுத்தம் இல்லை, தொந்தரவு.

மில்_இன்ஜினியர் | மே 22

ஃபிட்டர் அய்யா, நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதான். விரல் விட்டுப் பார்ப்பதைத்தான் நாங்கள் கண்டிஷன் மானிட்டரிங் என்று பெரிய பெயரில் சொல்கிறோம் :)

அதே ரகத்தில் இன்னொன்று. ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டை சூடான தோசைக்கல்லில் விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர். வீட்டுத் தோசைக்கல்லில் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

மண்வண்டி | மே 24

நிறையக் கிடைத்தது, நன்றி. புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். ஜேசிபி நாளைக்கு 8 மணி, மாதம் 25 நாள், ஆக 200 மணி. எங்கள் பக்கம் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதிதாக அஸ்திவாரம் தோண்ட மாட்டார்கள், வண்டி எப்படியும் சும்மா நிற்கும். அதனால் பெரிய வேலைகளை அந்த இரண்டு மாதத்தில் வைக்கலாம் என்று யோசனை. ஆடியிலிருந்து மார்கழிக்கு 5 மாதம், சரியாக 1000 மணி. மார்கழியில் 1000 மணி வேலை, ஆடியில் 2000 மணி வேலை, ஹைட்ராலிக் ஆயில் உட்பட. ஆயுத பூஜைக்கு எப்படியும் கழுவுவோம், அன்று எல்லா வண்டியையும் அடியில் படுத்துப் பார்ப்பது.

டீசல்கணக்கு | மே 24

ஆடி, மார்கழி யோசனை அருமை. கணக்கு இடிக்கிறது. மார்கழியிலிருந்து அடுத்த ஆடிக்கு 7 மாதம். அது 1,400 மணி. ஆக வருடம் 2,400. ஆடிக்கு ஆடி என்றால் ஹைட்ராலிக் ஆயில் 400 மணி தாண்டி ஓடும்.

ஆனால் ஒன்று, மாதம் 200 மணி என்று நிஜமாகவே ஓடுகிறதா? ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் வேலை ஏது? போன வருட டீசல் பில்லைக் கூட்டிப் பாருங்கள்.

மண்வண்டி | மே 25

கூட்டினேன். பெரிய வண்டிக்கு வருடம் முழுக்க 10,200 லிட்டர். 5.5-ஆல் வகுத்தால் சுமார் 1,850 மணி. வருடத்துக்கு 2,400 மணி ஓட்டுகிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வாடகைப் பில்லையும் ஒரு தடவை கூட்டிப் பார்க்க வேண்டும் போல. எப்படியோ, ஆடிக்கு ஆடி 2000-க்குள் அடங்கிவிட்டது!

பள்ளி_பஸ் (ராசிபுரம்) | மே 25

எங்களுக்கு மே மாதம்தான் ஆடி, மார்கழி எல்லாம். 6 பேருந்து. பள்ளி திறப்பதற்கு முன் ஆர்.டி.ஓ., போலீஸ், வருவாய், கல்வித் துறை ஆட்கள் எல்லோரும் மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள்.

பலர் செய்கிற தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஃப்.சி.க்குப் (வண்டி ஓடத் தகுதி என்று ஆர்.டி.ஓ. தருகிற சான்று) பார்ப்பதையே பராமரிப்பு என்று நினைத்துக்கொள்வது. வர்த்தக வண்டிக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு எஃப்.சி., அப்புறம் வருடா வருடம். அதற்காக பெயின்ட் அடித்து, புது டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாளே, அந்தப் பேருந்துக்கும் எஃப்.சி. இருந்தது. பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்ததே அதற்கப்புறம்தான்.

நான் வாரம் ஒரு நாள் ஒரு பேருந்தின் தரை விரிப்பைத் தூக்கிவிட்டுத் திருப்புளியால் குத்திப் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை.

மண்டப_மணி | மே 26

ஜென்செட் ஸ்டார்ட் ஆகவில்லை என்றீர்களே, பேட்டரிதானே? பத்தில் எட்டு தடவை அதுதான். கல்யாண மண்டபத்தில் எலக்ட்ரீஷியன் நான். முகூர்த்தத்தில் கரன்ட் போய் ஜென்செட் 'டக்' என்று மட்டும் சத்தம் கொடுத்து நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

மாதம் ஒரு நாள் அரை மணி ஓட்டுங்கள். சும்மா ஓட்டக் கூடாது, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு லோடு வேண்டும். லோடு இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் சூடாகாது, எரியாத டீசல் கருப்பு எண்ணெயாகச் சைலன்சரில் வழியும். நான் மண்டபத்து ஏ.சி.யை எல்லாம் போட்டுவிட்டு ஓட்டுவேன், ஓனர் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார். பேட்டரி முனையில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு வாஸ்லின் தடவுங்கள். ஓடாவிட்டாலும் வருடம் ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும், நின்ற இடத்திலேயே ஆயில் கெடும்.

லீவர்_பிடிக்கிறவன் | மே 28

நான் ஓனர் இல்லை, ஆபரேட்டர். 11 வருடமாக ஜேசிபி ஓட்டுகிறேன். இத்தனை பேர் பேசியும் ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கிரீஸ் அடிப்பது எந்த நேரத்தில்?

எனக்குச் சம்பளம் கொஞ்சம், பேட்டா மணிக்கு இவ்வளவு என்றுதான். காலை 8 மணிக்கு பார்ட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் கண் முன்னால் வண்டியை நிறுத்திவைத்துக் கிரீஸ் அடித்தால் 'என் காசில் உன் வண்டிக்குச் சீவி முடிக்கிறாயா' என்பார். 8 மணிக்கு முன்னால் அடித்தால் எனக்குக் காசு வராத நேரம். சாயங்காலம் வெளிச்சம் இல்லை. முப்பது நிப்பிளுக்கு (கிரீஸ் ஏற்றுகிற சின்ன வாய்) மேல் இருக்கிறது, ஒழுங்காக அடித்தால் அரை மணி ஆகும். பக்கெட்டை மண்ணில் ஊன்றிவைத்து அடித்தால் ஒரு பக்கம்தான் இறங்கும், தூக்கிப் பாரத்தை மாற்றி இன்னொரு தடவை அடிக்க வேண்டும். பழைய கருப்பு கிரீஸ் பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும். அதை யார் சும்மா செய்வார்கள்? நானே பல நாள் கண்ணுக்குத் தெரிகிற நாலு நிப்பிளில் மட்டும் அடித்துவிட்டு ஏறியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை.

அண்ணே, அட்டவணையெல்லாம் போடுங்கள். அந்த அரை மணிக்குப் பேட்டா கொடுத்துவிட்டுப் போடுங்கள்.

பழைய_ஃபிட்டர் | மே 28

இந்தத் தம்பி சொன்னதுக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஹைவே_ராஜா | மே 28

பேட்டா கொடுத்தாலும் அடிக்காமல் டீக்கடைக்குப் போவார்கள். யார் பார்ப்பது?

லீவர்_பிடிக்கிறவன் | மே 29

கிரீஸ் வாளி பார்க்கும். குறைகிறதா இல்லையா என்று தெரியாதா?

மண்வண்டி | அக்டோபர் 14

இழையைத் தூக்கி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நாளாகிவிட்டது, சொல்ல வேண்டியது இருக்கிறது.

ஜூன் 1 முதல் காலை 7:30 முதல் 8 வரை இரண்டு ஆபரேட்டருக்கும் அரை மணி பேட்டா. முதலில் மனசு கேட்கவில்லை. மாதம் 25 நாள், 2 பேர், 25 மணி நேரக் காசு. பிறகு அந்த 6 நாள் நின்றதற்கு விட்ட வாடகையைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

64 வரிசையைக் கிழித்துப் போட்டாயிற்று. வண்டிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, சீட்டுக்குப் பின்னால். நிப்பிள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மஞ்சள் பெயின்டில் எண் போட்டோம். கிரீஸ் ஏறாத எண்ணை மட்டும் எழுதினால் போதும், ஏறினதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டீசல் நோட்டில் 1,375-க்குச் சிவப்புக் கோடு. டிப்பருக்கும் லிட்டர் கணக்குதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் ஒரு டிப்பர் கிளட்ச் போய் இரண்டு நாள் நின்றது. டிரைவர் 'கொஞ்ச நாளாவே வழுக்குது'ங்கிறார், என்னிடம் சொல்லவில்லை. டிப்பருக்கும் நோட்டு இருக்கிறது, அதில் எழுதுகிற பழக்கம் இன்னும் வரவில்லை. ஆடியில் பெரிய வண்டிக்கு ஹைட்ராலிக் ஆயில் மாற்றினோம். சின்ன வண்டிக்குக் காசு புரளவில்லை, மார்கழிக்குத் தள்ளியிருக்கிறேன். ஃபிட்டர் அண்ணன் திட்டுவார்.

கேட்க வந்தது இதுதான். நேற்று ஆயுத பூஜைக்குக் கழுவும்போது சின்ன வண்டி நோட்டைப் புரட்டினேன். செப்டம்பர் 22 முதல் தினமும் '19' என்று எழுதியிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. பூமும் (தோண்டுகிற நீண்ட கை) பின்பக்கமும் சேர்கிற இடத்து நிப்பிள். கிரீஸ் கன்னை எவ்வளவு அமுக்கினாலும் வெளியேதான் வழிகிறது. நிப்பிளை மாற்றினால் போதுமா, பின்னைக் கழற்ற வேண்டுமா?

பழைய_ஃபிட்டர் | அக்டோபர் 14

முதலில் நிப்பிளைக் கழற்றுங்கள், 20 ரூபாய் சாமான். கழற்றின ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுக் காய்ந்த கிரீஸைக் கிளறிவிட்டு, கொஞ்சம் டீசல் விட்டு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் புது நிப்பிள் போட்டு, பாரத்தை எடுத்துவிட்டு அடியுங்கள். ஏறினால் தப்பித்தீர்கள். ஏறவில்லை என்றால் பின்னைத் தட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும், அதுவரை அந்த வண்டியைப் பாறையில் விடாதீர்கள்.

மார்கழிக்குத் தள்ளினதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

மண்வண்டி | அக்டோபர் 15

ஏறிவிட்டது அண்ணே. முதலில் கருப்பாக, கட்டி கட்டியாக வந்தது.